பத்தாண்டு வன்முறையும் இரண்டரை மணி நேரமும்: கிரண்ஜித் அலுவாலியா வழக்கு ஓர் ஆய்வு

1989 மே 9 அன்று அதிகாலை இரண்டரை மணி அளவில், இங்கிலாந்தின் மேற்கு சசெக்ஸ் பகுதியிலுள்ள கிராலி நகரில், கிரண்ஜித் அலுவாலியா என்ற பஞ்சாபிப் பெண் உறங்கிக்கொண்டிருந்த தன் கணவர் தீபக்கின் படுக்கையறைக்குள் பெட்ரோலை வீசித் தீ வைத்தார். கடும் தீக்காயங்களுடன் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட கணவர் ஆறு நாட்களுக்குப் பின் இறந்துபோனார். அவ்வாண்டு டிசம்பரில் லூயிஸ் நகர நீதிமன்றம் கிரண்ஜித்தைக் கொலைக் குற்றவாளி எனத் தீர்மானித்து ஆயுள் தண்டனை விதித்தது. 1992 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை ரத்து செய்து மறுவிசாரணைக்கு உத்தரவிட்டது. செப்டம்பரில் அவர் விடுதலையானார்.

குடும்ப வன்முறை பற்றிய சட்ட விவாதங்களில் இந்த வழக்கு பெரும்பாலும் ஒரு வெற்றிக் கதையாகவே சொல்லப்படுகிறது. சிறைக்கு வெளியே அவர் வந்ததைப் பொறுத்தவரை அது வெற்றிதான். ஆனால் நீதிமன்றம் எந்தக் காரணத்தை ஏற்று அவரை விடுவித்தது, எந்தக் காரணத்தை ஏற்க மறுத்தது என்று பார்க்கும்போது, திருமணத்துக்குள் நிலவும் அதிகாரச் சமமின்மையைக் குற்றவியல் சட்டம் எவ்வளவு குறைவாகப் பார்த்தது என்பதே வெளிப்படுகிறது. இந்தக் கட்டுரை அந்த மறுப்பைப் பற்றியது.

திருமணமும் அதன் கணக்கும்

கிரண்ஜித் இந்தியாவில் நடுத்தரக் குடும்பமொன்றில் பிறந்து, பட்டப்படிப்பை முடித்துச் சட்டம் பயிலத் தொடங்கியவர். திருமணம் செய்துகொள்ளுமாறு குடும்பம் கொடுத்த அழுத்தத்தால் அந்தப் படிப்பு பாதியில் நின்றது. 1979இல், முன்பின் அறியாத ஒருவருடன் குடும்பத்தார் நிச்சயித்த திருமணம் நடந்து, கணவரோடு இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்தார். இங்கே கவனிக்க வேண்டியது, இருவருக்குமிடையே தொடக்கத்திலிருந்தே இருந்த ஏற்றத்தாழ்வு. கணவரின் குடும்பம் அந்நாட்டில் ஏற்கெனவே வேரூன்றியிருந்தது. மனைவிக்கோ ஊர் புதிது, பிறந்த வீடு கடல்களுக்கு அப்பால். கணவர் ஆஜானுபாகுவானவர் என்றும் மனைவி மெலிந்த உடல்வாகு கொண்டவர் என்றும் மேல்முறையீட்டுத் தீர்ப்பே தனியாகக் குறிப்பிடுகிறது.

அடி திருமணமான புதிதிலேயே தொடங்கிவிட்டது. இது அவர் வாய்மொழியாகச் சொன்னது மட்டுமல்ல. குடும்ப மருத்துவரின் குறிப்புகள் அதற்குச் சான்றாக இருந்தன. 1981 அக்டோபரில் தொலைபேசிக் கருவியால் தலையில் பலமுறை அடித்துக் கீழே தள்ளப்பட்டதும், கருவுற்றிருந்தபோது தள்ளிவிடப்பட்டுக் கையில் காயமுற்றதும் அக்குறிப்புகளில் உள்ளன. 1983இல் மனைவியை அடிக்கக் கூடாது என நீதிமன்றம் கணவருக்குத் தடையுத்தரவு பிறப்பித்தது. 1986இல், கழுத்தைப் பிடித்துக் கத்தியைக் காட்டி மிரட்டிய பின், இரண்டாவது தடையுத்தரவும் பெறப்பட்டது. கிரண்ஜித் தற்கொலைக்கும் முயன்றார். திருமண உறவுக்குள் தான் பாலியல் வன்முறைக்கு ஆளானதையும் அவர் பின்னாளில் வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். ஆனால் கணவன் மனைவியை வன்புணர்வது குற்றமே என்று இங்கிலாந்தின் அன்றைய உச்ச நிலை நீதிமன்றமாகிய பிரபுக்கள் அவை அறிவித்தது 1991இல்தான். எனவே அவர் மணவாழ்க்கை முழுவதும் அந்தக் கொடுமைக்குச் சட்டத்தில் பெயர்கூட இல்லை.

‘ஏன் அவர் விட்டுப் போகவில்லை?’ என்ற கேள்வியை இத்தகைய வழக்குகளில் கேட்காதவர் இல்லை. அவர் சட்டத்தின் கதவை இருமுறை தட்டினார் என்பதே முதல் பதில். 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அந்நாட்டுக் குடிமையியல் நீதிமன்றங்கள் இத்தகைய தடையுத்தரவுகளைப் பிறப்பிக்க முடிந்தது. ஆனால் அந்த உத்தரவை மீறுபவரைக் கைது செய்யும் அதிகாரம் ஒவ்வொரு உத்தரவிலும் தானாகச் சேர்வதில்லை. கையில் ஒரு காகிதத்தோடு, அதே வீட்டுக்கு, அதே மனிதரிடம் திரும்ப வேண்டியிருந்தது. மற்றொரு பக்கம் குடும்ப மானம். பஞ்சாபிக் குடும்பங்களில் ‘இஸ்ஸத்’ என்று சொல்லப்படும் அந்தச் சுமையை நம் ஊரில் விளக்கத் தேவையில்லை. வாழாவெட்டி என்ற ஒரே சொல்லுக்கு அஞ்சி எத்தனை பெண்கள் திரும்பி அனுப்பப்பட்டிருக்கிறார்கள் என்பது நாம் அறியாததல்ல. சமரசம் பேசுவதற்கு உறவினர் எப்போதும் இருந்தார்கள். அந்தச் சமரசத்தின் விலையை ஒரு தரப்பே செலுத்தியது.

கடிதம்

இந்த வழக்கின் ஆவணங்களிலேயே மிக முக்கியமானது என்று நான் கருதுவது மருத்துவக் குறிப்போ தடையுத்தரவோ அன்று. கணவர் சில நாட்கள் வீட்டைவிட்டுப் போயிருந்தபோது, திரும்பி வரும்படி கெஞ்சி கிரண்ஜித் எழுதிய ஒரு கடிதம். நீங்கள் வந்துவிட்டால் இனி நான் பால் சேர்க்காத காப்பி குடிக்க மாட்டேன், வாரந்தோறும் கடைத்தெருவுக்குப் போக மாட்டேன், பச்சை மிளகாய் தின்ன மாட்டேன், தோழிகளை விட்டுவிடுகிறேன், உறவினர் வீட்டுத் திருமணத்துக்குப் போக மாட்டேன், தலைமுடிக்குச் சாயம் பூச மாட்டேன், பக்கத்து வீட்டுக்குப் போக மாட்டேன், உங்களுக்குப் பிடிக்கவில்லையென்றால் சிரிக்கவும் மாட்டேன், எந்த உதவியும் கேட்க மாட்டேன் என்பன அதில் அவர் அளித்த உறுதிமொழிகள்.

சட்டம் பயிலத் தொடங்கிய, வேலைக்குப் போய்ச் சம்பாதித்த ஒரு பெண் இதை எழுதினார் என்பதை மறந்துவிடக் கூடாது. கல்வியும் சம்பளமும் இருந்தால் பெண் அடங்கிப் போக மாட்டாள் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அவை தேவையானவைதான், போதுமானவை அல்ல. இந்தப் பட்டியலில் அடியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. உண்பது, உடுத்துவது, யாரோடு பேசுவது, எங்கே போவது, எப்போது சிரிப்பது என்று நாளின் ஒவ்வொரு சிறு முடிவும் ஒருவரின் அனுமதிக்குள் வந்துவிட்ட வாழ்க்கையின் விவரமே அதில் இருக்கிறது. அந்தச் சிறு விதிகளை மீறினால் என்ன நடக்கும் என்பதை அவ்வப்போது நினைவூட்டுவதற்கே கை ஓங்கப்படுகிறது. மற்ற நாட்களில் விதிகளே போதும். எத்தனை முறை அடித்தார் என்று எண்ணத் தெரிந்த நீதிமன்றங்களுக்கு, அடிக்காத நாட்களில் என்ன நடந்தது என்று கேட்கும் முறை அன்று கைவசம் இல்லை.

அந்த இரவு

1989 மார்ச்சில் கணவருக்கு வேறொரு பெண்ணுடன் உறவு இருப்பது கிரண்ஜித்துக்குத் தெரியவந்தது; கணவர் அதைச் சொல்லிக் காட்டியே அவரைக் குத்தினார். மே 8 இரவு பத்தேகால் மணி அளவில் வீடு திரும்பிய கணவருக்கு உணவு பரிமாறி, உறவைச் சரிசெய்வது பற்றி அவர் பேச முயன்றார். எல்லாம் முடிந்துவிட்டது என்றார் கணவர். தொலைபேசிக் கட்டணத்துக்கு 200 பவுண்டு தர வேண்டும், இல்லாவிட்டால் காலையில் அடி விழும் என்றார். துணிகளை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவர், தன்னைத் தொந்தரவு செய்தால் சூடான இஸ்திரிப் பெட்டியால் முகத்தைச் சுட்டுவிடுவதாகவும் மிரட்டினார். நள்ளிரவு வாக்கில் கிரண்ஜித் படுக்கச் சென்றார். கிரண்ஜித்துக்கு உறக்கம் வரவில்லை. இரண்டரை மணிக்கு எழுந்து கீழே போய், சில நாட்களுக்கு முன்பே வாங்கி வைத்திருந்த பெட்ரோலை ஒரு வாளியில் ஊற்றி, மெழுகுவத்தி ஏற்றி, கைக்கு உறை மாட்டிக்கொண்டு மாடியேறினார். தீ வைத்த பின் குழந்தையை அணைத்தபடி சன்னலருகே அவர் நின்றிருந்ததைக் கண்ட அண்டைவீட்டார், அவர் விசித்திரமான அமைதியோடு இருந்ததாகச் சாட்சியம் அளித்தனர்.

இதை மழுப்பிச் சொல்வது ஆய்வாகாது. உறங்கிய மனிதர் ஒருவர் கொடூரமாக உயிரிழந்தார். பெட்ரோல் முன்கூட்டியே வாங்கப்பட்டது. கையுறை, வாளி, மெழுகுவத்தி எல்லாம் திட்டமிடலையே காட்டும் என அரசுத் தரப்பு வாதிட்டதில் வியப்பு ஏதும் இல்லை. கணவரைக் கொல்லவோ பெருங்காயம் ஏற்படுத்தவோ எண்ணவில்லை, வலியை உணர வைக்கவே எண்ணினார் என்பது எதிர்த்தரப்பின் முதல் வாதம். கணவர் மூட்டிய ஆத்திரத்தில் தன்னிலை இழந்தார் என்பது மாற்று வாதம். கிரண்ஜித் சாட்சிக் கூண்டில் ஏறவே இல்லை. அவர் மனநிலை பற்றிய மருத்துவச் சாட்சியமும் முன்வைக்கப்படவில்லை. பத்தாண்டு வாழ்க்கையைத் தன் வாயால் சொல்லாத ஒரு பெண்ணைப் பற்றி, குற்றவாளியா என்று தீர்மானிக்கும் பொதுமக்கள் குழுவான ஜூரிகள் முடிவெடுத்தார்கள்.

‘திடீர்’ என்ற அளவுகோல்

அன்றைய ஆங்கிலச் சட்டப்படி, ஆத்திரமூட்டலால் தன்னிலை இழந்து கொன்றவர் கொலைக் குற்றத்திலிருந்து குறைந்த குற்றத்துக்கு இறக்கப்படலாம். ஆனால் அந்தத் தன்னிலை இழப்பு ‘திடீரென, தற்காலிகமாக’ நிகழ்ந்ததாக இருக்க வேண்டும். இந்த அளவுகோல் 1949ஆம் ஆண்டின் டஃபி வழக்கில் நீதிபதி டெவ்லின் ஜூரிகளுக்கு அளித்த விளக்கத்திலிருந்து வந்தது. கொடுமைக்குள்ளான ஒரு மனைவி, படுத்திருந்த கணவரைக் கொன்ற வழக்கே அதுவும். நீண்ட காலக் கொடுமை தன்னளவில் ஆத்திரமூட்டலாகாது, பழிவாங்கும் எண்ணத்தைத் தூண்டும் சூழ்நிலை ஆத்திரமூட்டலுக்கு முரணானது என்று அந்த விளக்கம் தெளிவாகவே சொன்னது. அடிபட்ட மனைவி ஒருத்தியை வெளியே நிறுத்துவதற்காகச் சொல்லப்பட்ட வரையறை, நாற்பது ஆண்டுகள் கழித்து அடிபட்ட மற்றொரு மனைவிக்கு அளவுகோலானது.

வெளிப்பார்வைக்கு இந்த விதி ஆண், பெண் இருபாலருக்கும் பொதுவானது. ஆனால் சொல் எழுந்த கணமே கை நீளும் கோபம் யாருக்குச் சாத்தியம்? கை நீட்டினால் வெல்லக்கூடியவருக்கு. தன்னைவிடப் பன்மடங்கு வலுவான ஒருவர் இஸ்திரிப் பெட்டியோடு நிற்கும்போது எதிர்த்து எழுந்தால் என்ன நடக்கும் என்பதைப் பத்தாண்டு அனுபவத்தில் அறிந்தவர், அந்தக் கணத்தில் அசையாமல் நிற்பதையே பழகியிருப்பார். அவரது அச்சமும் ஆத்திரமும் எதிரி உறங்கும்வரை காத்திருப்பது உடல் வலுவின் கணக்கு. அந்தக் காத்திருப்பையே சட்டம் நிதானம் என்றும் திட்டமிடல் என்றும் வாசித்தது. நள்ளிரவிலிருந்து இரண்டரை மணி வரையிலான நேரத்தில் அவர் ஆறிப்போனாரா, கொதித்தாரா என்பதைக் கடிகாரத்தைக் கொண்டு மட்டும் அளக்க முடியாது.

இந்த விதி எப்படி நடைமுறையில் இயங்கியது என்பதற்கு 1991 ஜூலை மாதமே போதும். குடிகாரக் கணவரைக் கத்தியால் குத்திக் கொன்ற சாரா தார்ன்டன் என்ற பெண்ணின் மேல்முறையீடு அம்மாத இறுதியில் தள்ளுபடியாகி, அவரது ஆயுள் தண்டனை நிலைத்தது. அதே வாரத்தில், மனைவியைப் போலத் தன்னோடு வாழ்ந்த, குடிப்பழக்கம் கொண்ட பெண்ணை உதைத்துக் கொன்ற ஓர் ஆணுக்குப் பர்மிங்ஹாமில் இரண்டாண்டு நிறுத்திவைக்கப்பட்ட தண்டனை கிடைத்தது. அந்தப் பெண் ஒரு மகானின் பொறுமையையும் சோதித்திருப்பார் என்று நீதிபதி கருத்துரைத்தார். கொன்றவர் அன்றே வீட்டுக்குப் போனார்.

மேல்முறையீடு: ஏற்கப்பட்டதும் ஏற்கப்படாததும்

1979இல் லண்டனின் சவுத்தால் பகுதியில் ஆசிய, ஆப்பிரிக்க-கரீபியப் பெண்கள் தொடங்கிய ‘சவுத்தால் பிளாக் சிஸ்டர்ஸ்’ அமைப்பு, பிரக்னா படேல் முதலானோர் முன்னின்று, கிரண்ஜித்துக்காக இயக்கம் நடத்தியது. வெள்ளையர் பெண்ணிய அமைப்புகளும் சேர்ந்துகொண்டன. குடும்ப விஷயத்தைத் தெருவுக்குக் கொண்டுவருகிறார்கள் என்று சொந்தச் சமூகத்துக்குள்ளிருந்தே எழுந்த முணுமுணுப்பையும் அவர்கள் தாங்க வேண்டியிருந்தது. இந்த அழுத்தமும் புதிய வழக்கறிஞர்களின் உழைப்பும் சேர்ந்தே வழக்கை மேல்முறையீட்டுக்குக் கொண்டுவந்தன.

தலைமை நீதிபதி டெய்லர் பிரபு தலைமையிலான அமர்வின் முன் மூன்று வாதங்கள் வைக்கப்பட்டன. ‘திடீர்’ என்ற டஃபி அளவுகோலே தவறு என்ற முதல் வாதத்தை நீதிமன்றம் நிராகரித்தது. தாமதம் இருந்தாலே ஆத்திரமூட்டல் இல்லை என்று சட்டப்படி முடிவு செய்துவிடக் கூடாது என அமர்வு ஒப்புக்கொண்டது. ஆனால் தாமதம் நீள நீள, திட்டமிடலுக்கான சான்று வலுக்கும் என்றும் சொன்னது. விதியை மாற்றுவது நாடாளுமன்றத்தின் வேலை என்பது அதன் நிலை. நீண்ட கால வன்முறையால் உருவான மனநிலையை அவரது தனிப்பண்பாகக் கருதி ஜூரிகளிடம் வைத்திருக்க வேண்டும் என்ற இரண்டாவது வாதமும், அதற்கான சான்று விசாரணையில் முன்வைக்கப்படவில்லை என்பதால் தோற்றது. மூன்றாவது வாதம் மட்டும் வென்றது. சம்பவத்தின்போது அவர் கடும் மனச்சோர்வு நோயில் இருந்தார் என்று விசாரணைக்கு முன்பே ஒரு மனநல மருத்துவர் அறிக்கை அளித்திருந்தார். அது எப்படியோ கவனிக்கப்படாமல் போயிற்று. மனநலக் குறைவால் பொறுப்பு குறைந்த நிலை என்ற அடிப்படையில் புதிய சான்றுகளை ஏற்று, மறுவிசாரணைக்கு உத்தரவிடப்பட்டது. 1992 செப்டம்பர் 25 அன்று, கொலைக்குக் குறைந்த குற்றத்தை அவர் ஒப்புக்கொள்ள, அரசுத் தரப்பும் ஏற்றது. மூன்று ஆண்டு நான்கு மாதத் தண்டனை. அதை அவர் ஏற்கெனவே அனுபவித்து முடித்திருந்தார்.

இந்த முடிவு எப்படி அமைந்தது என்பதை நிறுத்தி நோக்க வேண்டும். கணவர் பத்தாண்டு செய்தவை அவரை விடுவிக்கவில்லை. அவருக்குள் கண்டறியப்பட்ட நோயே விடுவித்தது. கொடுமைக்கு எதிராக ஒரு பெண் காட்டிய எதிர்வினையை ‘புரிந்துகொள்ளத்தக்கது’ என்று சொல்ல இயலாத சட்டம், ‘நோய்வாய்ப்பட்டது’ என்று சொல்ல மட்டுமே முன்வந்தது. மனச்சோர்வு உண்மையானதுதான், அதில் ஐயமில்லை. ஆனால் அந்தச் சோர்வு எங்கிருந்து வந்தது என்ற கேள்வி தீர்ப்பின் ஓரத்தில் நின்றுவிட்டது. நோயறிக்கை கிடைக்காத, அல்லது நோயுறாமலே தாங்கிநின்ற மற்றொரு பெண்ணுக்கு இந்தத் தீர்ப்பில் வழி இல்லை. அதனால்தான் இதை முழு வெற்றியாக என்னால் எண்ண முடியவில்லை.

பின் வந்த மாற்றங்கள்

நாடாளுமன்றம் அசைவதற்குப் பல ஆண்டுகள் ஆயின. 2009ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று பழைய ஆத்திரமூட்டல் விதியை நீக்கி, ‘கட்டுப்பாடு இழத்தல்’ என்ற புதிய விதியைக் கொண்டுவந்தது. 2010 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த அது, கட்டுப்பாடு இழத்தல் திடீரென நிகழ்ந்திருக்க வேண்டியதில்லை என்று வெளிப்படையாகவே கூறுகிறது. கடும் வன்முறை நேரும் என்ற அச்சமும் ஏற்கத்தக்க காரணம் ஆனது. துணையின் பாலியல் துரோகத்தை மட்டும் காரணம் காட்டுவது விலக்கப்பட்டது. 2015ஆம் ஆண்டுச் சட்டம், நெருங்கிய உறவில் ஒருவரை அடக்கியாண்டு கட்டுப்படுத்தும் தொடர் நடத்தையைத் தனிக் குற்றமாக்கியது. கிரண்ஜித்தின் கடிதம் 1989இல் வெறும் பின்னணித் தகவல். இன்று அது அந்தக் குற்றத்தின் நேரடிச் சான்றாக வழக்கில் வைக்கப்படும்.

ஆனாலும் 2010இல் கணவரைச் சுத்தியலால் அடித்துக் கொன்ற சாலி சாலன் வழக்கில் பழைய கதையே திரும்பியது. அடக்கியாளும் கட்டுப்பாடு பற்றிய புதிய புரிதலை அடிப்படையாகக் கொண்டு மேல்முறையீடு நடந்தது. 2019 பிப்ரவரியில் கொலைத் தீர்ப்பு ரத்தானபோது அதற்குக் காரணமானது மனநலம் பற்றிய புதிய சான்றே. அவ்வாண்டு ஜூனில் அவர் விடுதலையானதும் குறைந்த பொறுப்பு என்ற அதே கதவு வழியாகத்தான்.

இந்தியச் சட்டத்தின் நிலை

இந்தியாவுக்கும் இந்த வழக்குக்கும் உறவு வெறும் பிறப்பிடத்தால் வந்ததன்று. 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தில் கொலையை வரையறுத்த 300ஆம் பிரிவின் முதல் விதிவிலக்கு, ‘கடுமையான, திடீர்’ ஆத்திரமூட்டல் என்றே தொடங்கியது. 1961இல் உச்ச நீதிமன்றம் முடிவு செய்த நானாவதி வழக்கில், மனைவியின் காதலரைச் சுட்ட கடற்படை அதிகாரிக்கு, இடையில் ஏறத்தாழ மூன்று மணி நேரம் கழிந்ததால் அந்த விதிவிலக்கு மறுக்கப்பட்டது. ஆயினும் முன்நிகழ்வுகளால் உருவான மனப் பின்னணியையும் கருத்தில் கொள்ளலாம் என்ற கருத்தை அந்தத் தீர்ப்பு விட்டுச்சென்றது.

அந்த இடைவெளி வழியாக ஒரு முக்கியமான அடியை எடுத்துவைத்தது சென்னை உயர் நீதிமன்றம். கிரண்ஜித் தண்டிக்கப்பட்ட அதே 1989ஆம் ஆண்டின் தீர்ப்பு அது. கணவரின் கொடுமை தாங்காமல் குழந்தைகளோடு கிணற்றில் குதித்து, குழந்தைகள் இறக்க, தான் மட்டும் பிழைத்துக்கொண்ட தாய் மீது கொலை வழக்கு. நம் கதைப்பாடலின் நல்லதங்காளை நினைவுகூர்ந்து, இத்தகைய நிலைக்கு அவள் பெயரையே சூட்டிய அந்தத் தீர்ப்பு, திடீர் ஆத்திரமூட்டலைப் போலவே ‘நீடித்த ஆத்திரமூட்டலும்’ கொலைக் குற்றத்தைக் குறைக்க வல்லது என்றது. சட்டத்திலுள்ள விதிவிலக்குகளின் பட்டியல் முடிந்த முடிவல்ல என்பது அதன் வாதம். லண்டன் நீதிமன்றம் 1992இல் நாடாளுமன்றத்தைக் கைகாட்டி ஒதுங்கிய கேள்விக்கு, சென்னையில் மூன்றாண்டுகளுக்கு முன்பே துணிச்சலான பதில் தரப்பட்டிருக்கிறது. ஆனால் தன்னையும் தன் குழந்தைகளையும் அழித்துக்கொள்ள முயன்ற பெண்ணுக்கு இரக்கம் காட்டுவது நீதிமன்றங்களுக்கு எளிது. கொடுமை செய்தவர் மீதே திரும்பிய பெண்ணுக்கு அதே கோட்பாட்டை நீட்டுவது அவ்வளவு எளிதாக இருப்பதில்லை. நல்லதங்காளுக்காக அழுத தமிழ் மனம் கிரண்ஜித்துக்காக அழுமா என்பது எனக்கு ஐயமே.

2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், உடல் வன்முறையோடு பாலியல், சொல், உணர்வு, பொருளாதார வன்முறைகளையும் வரையறைக்குள் கொண்டுவந்தது. பாதுகாப்பு அலுவலர் பதிவு செய்யும் குடும்ப நிகழ்வு அறிக்கையில் இவை ஒவ்வொன்றுக்கும் இடம் உண்டு. அடித்த தேதியை மட்டும் எழுதிவிட்டு மற்ற பத்திகளை வெறுமையாக விடும் பழக்கம், பின்னாளில் எந்த வழக்கு வந்தாலும் அந்தப் பெண்ணின் சான்றைப் பாதியாக வெட்டிவிடும். பணத்தை யார் வைத்திருந்தார், கைப்பேசியை யார் பார்த்தார், பிறந்த வீட்டுக்குப் போக யாரிடம் கேட்க வேண்டியிருந்தது என்பவை அந்தப் பத்திகளில் எழுதப்பட வேண்டியவை. இது குடிமையியல் தன்மை கொண்ட நிவாரணச் சட்டம். கொலை வழக்கின் வரையறையை இது தொடவில்லை. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 101ஆம் பிரிவிலும் முதல் விதிவிலக்கு ‘கடுமையான, திடீர்’ என்ற பழைய சொற்களோடு அப்படியே நீடிக்கிறது. சென்னை உயர் நீதிமன்றம் கண்ட நீடித்த ஆத்திரமூட்டல் புதிய சட்ட வாசகத்துக்குள் இடம்பெறவில்லை.